பன்னிரண்டாவது இதழ்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிடங்குகளில் எந்திரம் தப்பாகப் பிரித்ததுண்டு, மகாராணியின் விரல் தப்பாகப் பிரித்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் காய் ஆய்கிறாள். ஒரு காயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு உருட்டு உருட்டினால் போதும், ஆறு எம்.எம்.மா, ஏழா, எட்டா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் முதலாளியே சல்லடையை ஒதுக்கிவிட்டு அவளைத்தான் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்ட விரலுக்கு, தை மாதம் மாட்டுப்பொங்கலன்று குளிக்கும்போது, இடது கக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டது. உருட்டிப் பார்த்தாள். ஆறு எம்.எம்.

இடது மார்பு ஒன்றரை வருஷத்துக்கு முன்பே மதுரையில் போய்விட்டது. ஊசி ஆறு, கரண்டு வைத்தது இருபத்தைந்து தடவை. முடி கொட்டி, மறுபடி முளைத்து, இப்போது சீப்பில் நிற்கிற அளவுக்கு வந்திருந்தது. கடைசியாக அனுப்பும்போது டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார், எங்கேயாவது கட்டி தட்டுப்பட்டால் மறுநாளே வந்து நிற்கவேண்டும் என்று. மகாராணி மறுநாளே போய் நின்றாள். ஆனால் டாக்டர் முன்னால் இல்லை, கவுண்டர் முன்னால். கவுண்டர்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, சிகிச்சை முடிந்த தேனிப் பக்கத்து ஆட்களையெல்லாம் போடியில் ஒரு மையத்துக்கு மாற்றிவிட்டோம், அங்கே பரிந்துரைச் சீட்டு வாங்கி வாங்க என்றார். ஐம்பத்தைந்து மைல் பஸ்ஸில் போனவள் ஐம்பத்தைந்து மைல் பஸ்ஸில் திரும்பினாள்.

விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. போன தடவை சொன்னபோது தெருவே வந்து அழுதது, அழுதவர்களுக்குக் காப்பி போட்டே அவள் பாதி செத்துப்போனாள். புருஷன் கண்ணுச்சாமி போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவன், சனிக்கிழமைதான் இறங்குவான். மகளுக்கு ஆனியில் தலைப்பிரசவம். பேரப்பிள்ளையைக் கையில் வாங்க இருக்கவேண்டும், மகாராணி கேட்டது அவ்வளவுதான். ஒரு சீட்டுத்தானே, புதன்கிழமை போய் வாங்கிவிடலாம் என்று நினைத்தாள்.

அகமலர்ச்சி முழுமை மீட்பு மையம், ஒரு காலத்தில் அரிசி ஆலையாக இருந்த கட்டடத்தில் இருந்தது. வாசலில் ஒரு செயற்கை நீரூற்று. தண்ணீர் வராது, தண்ணீர் விழும் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வரும். உள்ளே முத்துப்பிரியா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் சட்டையில் 'மன உறவாளர்' என்று எழுதிய வில்லை குத்தியிருந்தது.

"வாங்கம்மா. நீங்க இங்க நோயாளி இல்ல, பயணி" என்றாள்.

"நான் இந்த ஊருதான் தாயி. நடந்தே வந்துட்டேன்" என்றாள் மகாராணி.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ஏலக்காயை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவள் தொழிலில் அதுதான் வழக்கம். போடியில் யாரும் வாய்ப்பேச்சை வைத்துச் சரக்கு எடுப்பதில்லை. ஏலத்துக்கு முன்னால் தட்டில் சாம்பிள் கொட்டவேண்டும். சாம்பிள் கண்முன்னால் இருந்தால் ஒருவரும் எதிர்த்துப் பேச முடியாது. அதனால் ஆறு எம்.எம்.மில் ஒரு காயைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வந்திருந்தாள்.

"கக்கத்துல ஒரு கட்டி இருக்கு தாயி. இம்புட்டு."

முத்துப்பிரியாவின் முகம் வாடிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினாள். மையத்தில் உச்சரிக்கக் கூடாத சொற்கள் அதில் வரிசையாக இருந்தன: கட்டி, வலி, பயம், புண், திரும்ப வருமா, சாவு, ஏன்.

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா. விருந்தாளின்னு சொல்லணும்."

"சரி தாயி. விருந்தாளி வந்திருக்கு. யாராச்சும் டாக்டரு தொட்டுப் பாத்தா தேவல."

"இங்க டாக்டர் கிடையாதும்மா. டாக்டரைப் பார்த்தாலே நோய் ஞாபகம் வந்துரும்னு எங்க சார் வைக்கல. நாங்க உடம்பத் தொட மாட்டோம், உணர்வத்தான் தொடுவோம்." இப்படிச் சொல்லிவிட்டு ஏலக்காயை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். "எதுக்கும்மா இதெல்லாம், ரொம்ப நன்றி" என்று தன் டீ பிளாஸ்கில் போட்டு மூடினாள்.

மதுரைச் சீட்டுக்கு ஒரு வழி இருந்தது. மலர்ச்சி அட்டை என்று ஒன்று கொடுத்தார்கள். அதில் பன்னிரண்டு இதழ் உள்ள ஒரு பூ. வாரம் ஒரு அமர்வு, அமர்வுக்கு ஒரு இதழில் முத்திரை. தடை செய்த சொல்லைச் சொன்னால் ஒரு இதழ் அடிக்கப்படும். பன்னிரண்டும் நிறைந்தால்தான் இயக்குநர் கையெழுத்து. மகாராணி இன்னும் ஒரு இதழும் வாங்கவில்லை, அதற்குள் 'கட்டி' என்று சொன்னதற்காக ஒன்று கழிந்து பாக்கியில் நின்றாள். பூ தரைக்குக் கீழே மொட்டு விட்டிருந்தது.

முதல் அமர்வு சிரிப்பு வட்டம். கர்ப்பப்பை எடுத்தவர், குடல் எடுத்தவர், நாக்கில் பாதி எடுத்தவர் என்று பதினேழு பயணிகள் வட்டமாக நின்று அரை மணி நேரம் சிரித்தார்கள். நாக்கில் பாதி எடுத்த மலைச்சாமிக்குச் சத்தம் வரவில்லை. முயற்சி போதாது என்று அட்டையில் எழுதினார்கள்.

அடுத்தது நறுமண அமர்வு. கண்ணைக் கட்டிவிட்டு ஏலக்காயை மூக்கருகே நீட்டி, மலைச்சரிவில் நடப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மகாராணி அன்று காலை எட்டு மணியிலிருந்து ஏலக்காய்க் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து எழுந்து வந்தவள். கையில் கொடுத்த காயை விரல் தானாக உருட்டியது. "இது சாயம் போட்ட பழைய காயி தாயி, உள்ள அரிசி வத்திப்போச்சு" என்றாள். 'பழைய', 'வத்தி' இரண்டும் பலகையில் இல்லை. ஆனாலும் கருத்து எதிர்மறையாக இருந்ததால் ஒரு இதழ் போயிற்று.

மாசி பிறந்தபோது கட்டி ஏழு எம்.எம். ஏழு எம்.எம். சாம்பிள் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். இயக்குநர் ராம்பிரசாத் முன்பு ஒரு செல்போன் கம்பெனியில், இணைப்பைத் துண்டிக்க வருகிறவர்களைப் பேசிப் பேசித் துண்டிக்காமல் அனுப்பும் பிரிவில் இருந்தவர். வெள்ளைச் சணல் ஜிப்பா போட்டிருந்தார், எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார்.

"சார், போன மாசம் ஆறு இருந்துச்சு. இப்ப ஏழு. இந்தா பாருங்க சாம்பிளு. எனக்கு ராத்திரி தூக்கமே வரல சார். மதுரைக்கு மட்டும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"மகாராணி மேடம், உங்க மனசு எண்ணுது. எண்ணிக்கை நின்னால் எல்லாம் நின்னுடும்" என்றார் ராம்பிரசாத். "நான் இப்ப சீட்டு எழுதினேன்னு வைங்க, உங்க பயத்துக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். ஒரு பயணிக்கு அந்தத் துரோகத்தை நான் செய்ய மாட்டேன்."

பேசிக்கொண்டே சாம்பிளை வாயில் போட்டு மென்றார். நல்ல காய் என்று பாராட்டினார்.

அந்த மாதக் கடைசியில் எல்லோரையும் ஜீப்பில் ஏற்றிக் குரங்கணிக்குக் கொண்டுபோனார்கள். மரத்தழுவல் அமர்வு. ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்து, மனப் பாரத்தை மரத்தில் இறக்கிவைக்கவேண்டும். இயக்குநர் முன்னுதாரணமாகத் தானே ஒரு பலா மரத்தைத் தேர்ந்தெடுத்தார். மகாராணி அண்ணாந்து பார்த்தாள். இலைகளைச் சேர்த்துப் பின்னி, பெரிய பெரிய முசுறு எறும்புக் கூடு.

"சார், அதுல முசுறு இருக்கு."

"எச்சரிக்கை என்பது பயத்தின் மாறுவேஷம்" என்று சொல்லி ராம்பிரசாத் மரத்தை இறுகத் தழுவினார். ஒரு நிமிஷம் வரை ஒன்றுமில்லை. பிறகு ஜிப்பாவுக்குள் என்னென்னவோ நடந்தது. ஆனால் பதினேழு பயணிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், போட்டோக்காரரும் இருந்தார். அதனால் பல்லைக் கடித்துச் சிரித்தபடி பத்து நிமிஷம் பிடித்தே நின்றார். கண்ணில் வழிந்த நீரை ஆனந்தம் என்று முத்துப்பிரியா குறித்துக்கொண்டாள். எச்சரித்த குற்றத்துக்கு மகாராணிக்கு ஒரு இதழ் போயிற்று.

பங்குனியில் கடித அமர்வு. உடம்பில் வந்திருக்கும் விருந்தாளிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டும். மகாராணி ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டி எழுதினாள்: "அன்புள்ள விருந்தாளிக்கு, நீ வந்து மூணு மாசம் ஆச்சு. நீ எட்டு எம்.எம். ஆயிட்ட. எனக்கு வீட்டுல சோலி கெடக்கு. மகளுக்குப் பிரசவம் வருது. தயவுபண்ணி வெரசா கெளம்பு." விருந்தோம்பல் பண்பு இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. மறுபடி எழுதச் சொன்னார்கள். இரண்டாம் தடவை, "சௌகரியமாக இரு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். அதற்கு ஒரு இதழும், 'மிக அருமை' என்று ஒரு குறிப்பும் கிடைத்தன.

அன்று வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். மையத்தில் அழ இடமில்லை. கக்கூஸ் கதவின் உட்புறத்தில்கூட 'இங்கும் புன்னகைக்கலாம்' என்று ஒட்டியிருந்தார்கள். போடிமெட்டு ஜீப்புக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதால் கேட்க ஆளில்லாத அந்த இடம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அழுது முடித்துக் கணக்குப் போட்டாள். வாயைத் திறந்தால் இதழ் போகிறது. இதழ் போனால் சீட்டு தள்ளிப்போகிறது. சீட்டு தள்ளிப்போனால் இது வளர்கிறது. ஆகையால் இதைப் பற்றிப் பேசாமல் இருந்தால்தான் இதைக் காட்ட முடியும். அதைவிட வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் மகாராணி வாயைத் திறக்கவில்லை. சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரித்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "மலர்ந்திருக்கேன் தாயி" என்றாள். களிமண்ணில் தன் சந்தோஷத்தைப் பிடித்து வைக்கச் சொன்னபோது ஒரு உருண்டை பிடித்து வைத்தாள். அது ஒன்பது எம்.எம். இருந்தது அவளுக்கு மட்டும் தெரியும். சித்திரையில் கிடங்குக் குவியலில் அந்த அளவுக்குக் காய் தேடினாள். எட்டு சல்லடையில் விழாமல் நிற்கிற குண்டுக்காய் ஒன்றே ஒன்று கிடைத்தது.

"என்ன ராணி, மாசாமாசம் ஒரு காயை எடுத்து முடிஞ்சுக்கிற?" என்று பக்கத்தில் உட்கார்ந்து காய் ஆயும் செல்லத்தாய் கேட்டாள். "ஒண்ணு ஒண்ணும் போனதவிடப் பெருசா இருக்கு."

"சும்மாதான்க்கா" என்றாள் மகாராணி. மையத்துக்கு வெளியிலும் அந்தச் சொல் அவள் வாயில் வர மறுத்தது.

வைகாசி முதல் புதனில் பன்னிரண்டாவது இதழ் விழுந்தது. அதற்குள் கட்டி வளர்ந்துவிட்ட அளவுக்கு ஏலக்காய் கிடையாது. பெட்டிக்கடையில் ஒரு கொட்டைப்பாக்கை வாங்கி உருட்டிப் பார்த்தாள், விரல் சரி என்றது. அட்டையை இயக்குநர் மேஜைமேல் வைத்தாள்.

"பூ நெறஞ்சிருச்சு சார். சீட்டு குடுங்க."

ராம்பிரசாத் எழுந்து நின்று கைதட்டினார். "மூணு வருஷத்துல பன்னிரண்டு இதழ் நிறைச்ச முதல் பயணி நீங்கதான். மேடம், ஒண்ணு யோசிங்க. பூ நிறையாதவங்களுக்குச் சீட்டு கிடையாது. பூ நிறைஞ்சவங்க முழுசா குணமானவங்க. முழுசா குணமானவங்களுக்குச் சீட்டு எதுக்கு?"

 வெளியே, வராத தண்ணீரின் சத்தம் மகாராணிக்குக் கேட்டது.

"அப்ப இதுவரைக்கும் எத்தன பேருக்குச் சீட்டு எழுதியிருக்கீங்க சார்?"

"ஒருத்தருக்குக்கூட இல்லை" என்றார் ராம்பிரசாத், பெருமையாக. "அதுதான் எங்க சாதனை."

சீட்டுக்குப் பதிலாக வைகாசிக் கடைசியில் விழா வைத்தார்கள். நன்கொடை தருகிற நிறுவனத்தின் தலைவர் சென்னையிலிருந்து வந்தார். நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்று, கிடங்குப் பெண்கள் இருபது பேரை, டிரைவர் தங்கபாண்டியின் ஜீப்பில் இரண்டு நடையாக அள்ளிக்கொண்டு வந்து உட்காரவைத்தார்கள். செல்லத்தாய் முதல் வரிசையில் இருந்தாள்.

ராம்பிரசாத் பேசினார். "நான் பெருமையோடு சொல்கிறேன். இந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் வளாகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்ததில்லை. எங்கள் பயணிகளில் தொண்ணூற்றெட்டு சதவீதம் பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகப் படிவம் சொல்கிறது. மீதி இரண்டு சதவீதம் பேர் படிவத்தை நிரப்பவில்லை, அதற்குள் காலமாகிவிட்டார்கள். காலமானவர்களின் குடும்பத்துக்கும் நாங்கள் படிவம் அனுப்புகிறோம். ஒருவர்கூட இதுவரை புகார் எழுதி அனுப்பவில்லை. வேறு எந்த ஆஸ்பத்திரி இப்படிச் சொல்லும்? அங்கெல்லாம் போனால் நோய் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் அந்தத் தவறை ஒருநாளும் செய்ததில்லை."

கைதட்டல் எழுந்தது. மகாராணிக்குப் பொன்னாடை போர்த்தி, பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள். 'முழுமையாகக் குணமடைந்தவர்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

மகாராணி பையிலிருந்து ஏலத்தட்டு ஒன்றை எடுத்தாள். கிடங்கிலிருந்து கேட்டு வாங்கி வந்தது. போன இரண்டுக்குப் பதில் அதே அளவில் வேறு பொறுக்கி, நான்கு ஏலக்காயை வரிசையாக வைத்து, கடைசியில் கொட்டைப்பாக்கை வைத்தாள். தலைவர் முன்னால் அதை நீட்டினாள். பேச்சு எடுபடாத இடத்தில் சாம்பிள்தான் காட்டவேண்டும், அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

"பாருங்கள், நம் மண்ணின் மரபு" என்று ராம்பிரசாத் மைக்கில் உருகினார். "ஏலக்காயும் பாக்கும் வைத்து மரியாதை செய்கிறார்."

தலைவர் நெகிழ்ந்துபோய் ஒரு காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மகாராணி அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது மாசி மாசக் கட்டி சார்" என்றாள்.

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"மொதக்காயி தையில. நீங்க தின்னது மாசி. இது பங்குனி, இது சித்திரை. அதுக்கு மேல ஏலக்காயில சைசு இல்ல சார், அதான் பாக்கு. இது இந்த மாசம். இந்தக் கக்கத்துல இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. வலிக்குது. நான் செத்துப்போவேனோன்னு இருக்கு." பலகையில் இருந்த சொற்களில் பாதியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். குரல் உயரவில்லை.

முத்துப்பிரியா பழக்கத்தில் மலர்ச்சி அட்டையை எடுத்து ஒரு இதழை அடிக்கப் போனாள். பேனா பாதியில் நின்றது. தையில் டீ பிளாஸ்கில் போட்ட காய் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ராம்பிரசாத் கைதட்டுமாறு சைகை காட்டினார். கிடங்குப் பெண்கள் தட்டவில்லை. தட்டில் வரிசையாக எதைப் பார்த்தாலும் அளவு படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். செல்லத்தாய் மேடைக்கு ஏறினாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பொன்னாடையை விலக்கி, ரவிக்கைக்கு மேலாகவே மகாராணியின் கக்கத்தில் இரண்டு விரலை வைத்து ஒரு உருட்டு உருட்டினாள். ஐந்து மாதத்தில் அந்த இடத்தை இன்னொரு மனுஷி தொட்டது அதுதான் முதல் தடவை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல ஆத்தா" என்றாள். பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "தங்கபாண்டி, ஜீப்ப எடு. மதுரைக்கு."

ஜீப்பில் பதினோரு பேர் ஏறினார்கள்.  ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தவர் பரிந்துரைச் சீட்டு எங்கே என்று கேட்டார். பதினோரு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, எட்டாம் நம்பர் அறை என்றார்.

எட்டாம் நம்பர் அறையில் ஒரு பெண் டாக்டர். கக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், காறையெலும்புக்கு மேலே தொட்டுப் பார்த்தார். மறுபடி கக்கத்துக்கு வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை மகாராணியின் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார்.

"இந்தக் கட்டி எப்பம்மா தெரிஞ்சது?"

மகாராணியிடமிருந்து ஒரு இதழைப் பறித்த அந்தச் சொல் டாக்டர் வாயில் சாதாரணமாக வந்தது. "தையில தாயி" என்றாள்.

"இப்ப வைகாசி முடியப்போகுது. தையிலயே வந்திருந்தா..." டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "இத்தன மாசமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

மகாராணி பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கொணமாயிட்டிருந்தேன் தாயி."